வெளிநிலம்: புறநகர்ப் பரவலும் சிற்றூர் மக்களின் எதிர்ப்பும்

நகரங்களை அடுத்துள்ள சிற்றூர்களில் பணிபுரியும் ஆயர் எவரும் கடந்த சில பத்தாண்டுகளில் ஒரு காட்சியைப் பலமுறை கண்டிருப்பர். ஒரு கோடையில் வயலின் வரப்புகள் சமன் செய்யப்படுகின்றன. செம்மண் கொட்டிச் சாலை போடப்படுகிறது. மஞ்சளும் வெள்ளையும் பூசிய கற்கள் நடப்பட்டு, முகப்பில் ஒரு வளைவு கட்டி, ஏதேனும் ஒரு "நகர்" என்று பெயர் சூட்டப்படுகிறது. மனைகள் விரைவில் விற்றுத் தீர்கின்றன. வீடுகள் மட்டும் எழுவதில்லை. பத்தாண்டு கழிந்தும் கற்களுக்கிடையே சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் மனைப்பிரிவுகள் செங்கற்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் மட்டுமன்றி மதுரை, திருச்சி, கோவை நகர்களைச் சுற்றியும் காணக்கிடக்கின்றன. நெல்லும் இல்லை, குடியும் இல்லை என்னும் இந்நிலையையே இக்கட்டுரையில் புறநகர்ப் பரவல் என்கிறோம்.

வீடு கட்டுவதை எதிர்த்து இது எழுதப்படவில்லை என்பதை முதலிலேயே கூறிவிடவேண்டும். நகரத்தில் வாடகை கொடுத்து மாளாத ஆசிரியரும் எழுத்தரும் வண்டியோட்டியும் தம் வாழ்நாளில் வாங்கக்கூடிய ஒரே நிலம் இத்தகைய மனைதான். அவர்களுள் பலர் நம் திருச்சபைகளின் உறுப்பினர். நகரம் வளரும், அதற்கு இடம் வேண்டும். எவ்விடத்தில், எந்த ஒழுங்கில், யாருடைய ஒப்புதலுடன் என்பதே வினா. அவ்வினாவை எழுப்பும் உரிமை அங்கே ஏற்கெனவே குடியிருப்போருக்கு உண்டா, உண்டெனில் அவர்களை எவ்வாறு ஒன்றுகூட்டுவது என்பதே நம் ஆய்வுக்குரியது. (கிராம சபை என இங்கு வருமிடமெல்லாம் ஊராட்சிச் சட்டப்படி கூடும் ஊர்க்கூட்டத்தையே குறிக்கும். நம் சபையைத் திருச்சபை என்றே எழுதியுள்ளேன். இரண்டும் ஒரே சொல்லாயிருப்பது சிந்திக்கத்தக்கதெனினும் இங்கே குழப்பம் விளைக்கும்.)

வயல் மனையாகும் வழி

நிலம் ஏக்கர் கணக்கில் வாங்கப்பட்டுச் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. சாலைக்கும் திறந்த வெளிக்கும் விட்டது போக எஞ்சுவதைச் சதுர அடி விலையால் பெருக்கிப் பார்த்தால், உழுதவன் பெற்ற தொகைக்கும் மனை வாங்கியவன் கொடுத்த தொகைக்கும் உள்ள இடைவெளி விளங்கும். பரவலை இயக்கும் விசை இதுவே. மக்கள்தொகைப் பெருக்கம் ஒரு காரணமாகலாம். ஆனால் வெறுமனே கிடக்கும் மனைகளை அது விளக்குவதில்லை. அவை குடியிருக்க வாங்கப்பட்டவை அல்ல. விலை ஏறுமென்று வாங்கி வைக்கப்பட்டவை.

இதனை நெறிப்படுத்தும் சட்டம் நம்மிடம் இல்லாமலில்லை. தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் 1971-ஆம் ஆண்டினது. ஆயினும் அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவுகள் பல்லாயிரமாய்ப் பெருகின. 2016 செப்டம்பர் 9-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம், அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யலாகாதெனத் தடை விதித்தது. அடுத்த ஆண்டில் அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்டவற்றுக்குக் கட்டணத்தின்பேரில் வழி திறந்தது. அதே 2017-இல், முழுமைத் திட்டம் இல்லாத பகுதிகளில் வேளாண் நிலத்தைப் பிற பயனுக்கு மாற்றுவதற்கும் தனி விதிகள் வகுக்கப்பட்டன. தவறு நிகழ்ந்தபின் அதனை ஒழுங்காக்குவதே நம் நாட்டு நிலத் திட்டமிடலின் வழக்கமாகிவிட்டது எனின் மிகையாகாது.

இதற்கிடையே நகரின் எல்லையும் நகர்ந்துகொண்டிருக்கிறது. 1,189 சதுர கிலோமீட்டராயிருந்த சென்னைப் பெருநகரப் பகுதி 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. நேற்றுவரை ஊராட்சி ஒன்றியம் என்று மட்டும் அறியப்பட்ட எத்தனையோ ஊர்கள் ஓர் அரசாணையால் பெருநகரின் பகுதியாயின. அவ்வூர்களில் வாழ்வோருள் எத்தனை பேர் அதனை அறிந்தனர் என்பது ஆயர்கள் தத்தம் ஊரிலேயே கேட்டறிய வேண்டிய ஒன்று.

தனி நிலமும் பொது நீரும்

"அவன் நிலத்தை அவன் விற்கிறான், உனக்கென்ன?" என்னும் கேள்விக்கு விடை கூறாமல் ஊரைக் கூட்டவியலாது. இக்கேள்வி அற்பமானதன்று. விளைச்சலால் கடன் அடையாத ஆண்டுகள் பல. பிள்ளைகள் நகரத்தில் வேலை பார்க்கின்றனர், கிணறு வற்றிவிட்டது, உழவுக்கு ஆள் கிடைப்பதில்லை. மகளின் திருமணத்திற்கோ மருத்துவச் செலவுக்கோ மூன்று ஏக்கரில் ஒன்றை விற்கும் உழவனிடம் சென்று, நிலம் உன் முன்னோரின் சுதந்தரம் என்று மட்டும் பிரசங்கிப்பது கொடுமையாகவே முடியும்.

விடை ஏரியின் மதகில் இருக்கிறது. தொண்டை மண்டலத்து ஏரிப் பாசனத்தில் எந்த வயலும் தனி வயலன்று. மதகிலிருந்து புறப்படும் வாய்க்கால் மேலடி வயல்களைக் கடந்தே கடைமடைக்குச் செல்கிறது. பல இடங்களில் ஒரு வயலின் நீர் மற்றொரு வயலின் வழியாகவே பாய்கிறது. நடுவில் உள்ள நான்கு ஏக்கர் மண்கொட்டி மேடாக்கப்பட்டு வாய்க்கால் மறையுமானால், கீழேயுள்ள நாற்பது ஏக்கர் விற்கப்படாமலே தரிசாகிறது. பிறகு அவ்வுழவரும் விற்கின்றனர். விற்க விருப்பம் கொண்டதாலன்று, வேறு வழியின்மையால். ஆயக்கட்டு சுருங்கியபின் ஏரியைத் தூர்வாரவும் கரையைக் காக்கவும் ஊரில் யாருக்கும் அக்கறையில்லை. மழைக்காலத்தில் அதே நீர் தன் பழைய வழியைத் தேடி வரும்போது அவ்வழியில் வீடுகள் நிற்கின்றன. 2015 டிசம்பரில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதை நாம் மறத்தலாகாது. அங்கே படகில் மீட்கப்பட்டவர்கள் நிலம் விற்றவர்கள் அல்லர். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து மனை வாங்கியவர்கள்.

ஆகவே நிலம் தனியுடைமையாயினும் அதன் பயன் மாற்றம் தனிச் செயலன்று. விற்பவனைக் குற்றவாளியாக்காமல் இதனைச் சொல்ல இயலும். விற்பவன், விற்காதவன், வாங்கப்போகிறவன் ஆகிய மூவருக்கும் பொதுவான தளம் நீரே என்பது என் கருத்து. தண்ணீர் எப்படி ஓடுகிறது என்பதை ஊரில் எல்லாரும் அறிவர். அதற்குப் பட்டப்படிப்பு வேண்டா.

வேதாகமம் காட்டும் வேறுபாடு

இப்பொருள் குறித்துப் பிரசங்கிக்க முற்படுவோர் பெரும்பாலும் நாபோத்தின் திராட்சத்தோட்டத்திற்கே (1 இராஜாக்கள் 21) செல்கின்றனர். அது தக்க பகுதியே. ஆகாபு முதலில் நியாயமான விலையைத்தான் கொடுக்க முன்வந்தான் என்பதும் கவனிக்கத்தக்கது. எனினும் நாபோத்து விற்க மறுத்தவன். நம் ஊர்களில் விற்க முன்வருவோரே மிகுதியாகையால், அவன் கதை மட்டும் போதாது.

ஏசாயா 5:8 முதல் 10 வரையுள்ள பகுதி இன்னும் நெருங்கியது. வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொண்டு பிறருக்கு இடமில்லாமற் செய்வோரைத் தீர்க்கதரிசி கண்டிக்கிறார் என்பதை அனைவரும் அறிவர். அடுத்த இரு வசனங்களைப் பெரும்பாலோர் வாசிப்பதில்லை. அங்கே கூறப்படும் தண்டனை இரண்டு: பெரிய வீடுகள் குடியின்றிப் பாழாகும், நிலத்தின் விளைவு மிகக் குன்றும். குடியும் இல்லை, விளைவும் இல்லை என்னும் இவ்விரண்டும் ஒருங்கே நிற்கும் இடத்தைக் காண விரும்புவோர் மேலே கூறிய மனைப்பிரிவு ஒன்றின் வழியாக நடந்து செல்லலாம்.

நிலத் திட்டமிடலுக்கு வேதாகமத்தில் நேரடியான சட்டம் ஒன்றும் உண்டு. லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் மதில் சூழ்ந்த பட்டணத்து வீட்டையும் மதிலில்லாத கிராமத்து வீட்டையும் வேறுபடுத்துகிறது. முன்னது ஓராண்டுக்குள் மீட்கப்படாவிட்டால் வாங்கியவனுக்கே உரித்தாகும். பின்னதோ வயலோடு சேர்த்து எண்ணப்படும், யூபிலியில் திரும்பும். நகரச் சந்தையின் விதியைக் கிராமத்து நிலத்தின்மேல் அப்படியே சுமத்தலாகாது என்பதே இதன் உட்கருத்து. அதே அதிகாரத்தின் 34-ஆம் வசனம் லேவியரின் பட்டணங்களைச் சூழ்ந்த வெளிநிலம் விற்பனைக்குரியதன்று என்கிறது. எண்ணாகமம் 35 அவ்வெளிநிலத்தின் அளவை முழக்கணக்கில் தருகிறது. ஆயிரம் முழமும் இரண்டாயிரம் முழமும் எவ்வாறு பொருந்தும் என்பதில் உரையாசிரியர் வேறுபடுவர். மூலத்திலுள்ள மிக்ராஷ் என்னும் எபிரெயச் சொல்லை 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு புறநகர் என்று பொருள்படும் சொல்லால் பெயர்த்தது. ஆடுமாடுகளின் மேய்ச்சலுக்கென விடப்பட்ட திறந்த நிலம் அந்நாளில் "புறநகர்" எனப்பட்டது! நம் தமிழ் மொழிபெயர்ப்பின் "வெளிநிலம்" எவ்வளவோ மேலானது. இச்சட்டங்களை நம் நாட்டில் அப்படியே நிறைவேற்றுவதற்கில்லை. ஆனால் நகருக்கும் வயலுக்கும் இடையே ஓர் எல்லை வேண்டும் என்பதும், அவ்வெல்லை விலையால் மட்டும் முடிவு செய்யப்படலாகாது என்பதும் நவீனர் கண்டுபிடித்த கருத்துகள் அல்ல.

வரைபடம் இன்னும் வரைபடமாயிருக்கையில்

கற்கள் நடப்பட்டபின் ஊர் கூடுவதே வழக்கம். அப்போது பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கும். பதிவு முடிந்தது, பணம் கைமாறியது, வாங்கிய ஏழைகளும் எதிர்த்தரப்பில் நிற்கின்றனர். எதிர்ப்பு வெல்லத்தக்க காலம் வரைபடம் வரைபடமாகவே இருக்கும் காலம்.

இதற்குச் சான்றாக நம் நாட்டிலேயே கோவாவில் நிகழ்ந்ததைக் கூறலாம். 2006 ஆகஸ்டில் அம்மாநில அரசு "வட்டாரத் திட்டம் 2011" என்பதை அறிவித்தது. சிலர் அதன் வரைபடங்களைத் தம் ஊரோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, தோப்புகளும் மலைச்சரிவுகளும் வயல்களும் குடியிருப்புப் பகுதியாக நிறம் மாற்றப்பட்டிருப்பதைக் கண்டனர். அவ்வாண்டின் இறுதியில் "கோவா பச்சாவ் அபியான்" என்னும் இயக்கம் தோன்றிற்று. ஆஸ்கர் ரெபெல்லோ என்னும் மருத்துவர் அதனை முன்னின்று நடத்தினார். அவர்கள் செய்தது மிக எளிது. வரைபடத்தை ஊர் ஊராக எடுத்துச் சென்று விரித்துக் காட்டினர். டிசம்பரில் பணஜியின் ஆசாத் மைதானத்தில் மக்கள் திரண்டனர். இந்துக்களும் கிறிஸ்தவரும் ஒன்றாக நின்றனர். 2007-இன் தொடக்கத்தில் அரசு அத்திட்டத்தையே விலக்கிக்கொண்டது. சில மாதங்களுக்குள் மக்கள் ஒரு மாநிலத்தின் நிலப் பயன் திட்டத்தைத் திரும்பப் பெறச் செய்த நிகழ்ச்சி நம் நாட்டில் அரிது.

ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவும் இடம்பெற்ற குழுவின் துணையோடு, கிராம சபைகளின் கருத்தையும் கேட்டு, "வட்டாரத் திட்டம் 2021" உருவாயிற்று. 2012-இல் வந்த அரசு அதனை நிறுத்திவைத்தது. 2023-இல் ஊரமைப்புச் சட்டத்தில் 17(2) என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, திட்டத்திலுள்ள பிழைகளைத் திருத்துதல் என்னும் பெயரில் தனித்தனி நிலங்களின் மண்டலத்தை மாற்ற வழி செய்யப்பட்டது. அதன்கீழ் வகுக்கப்பட்ட விதிகளை 2025 மார்ச்சில் உயர்நீதிமன்றத்தின் கோவா அமர்வு செல்லாதென்றது. இதிலிருந்து நாம் கற்பது யாது? மாநிலம் முழுவதற்குமான ஒரு வரைபடத்தை எதிர்த்து மைதானம் நிரம்பும். ஒரே ஒரு புல எண்ணின் மாற்றத்தை எதிர்த்து எவரும் மைதானத்திற்கு வரமாட்டார். பரவல் இவ்வுண்மையை நன்கறிந்தே முன்னேறுகிறது. எனவே பெருங்கூட்டத்தை ஒருமுறை கூட்டுவதைவிட, அறிவிப்புகளை இடைவிடாது பார்த்துக்கொண்டிருக்கும் ஐந்தாறு பேரை ஓர் ஊரில் உருவாக்குவதே கடினமானதும் பயனுள்ளதுமான பணி.

தமிழ்நாட்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி முழுமைத் திட்டத்தின் வரைவு அரசிதழிலும் நாளிதழிலும் அறிவிக்கப்பட்டு, இரண்டு மாதத்திற்குக் குறையாத காலம் எவரும் ஆட்சேபமும் ஆலோசனையும் எழுதித் தரலாம். சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-இல் அறிவிக்கப்பட்டு 2026 வரைக்கென அமைந்தது. 2027 முதல் 2046 வரைக்குரிய மூன்றாவதன் தயாரிப்பும் தொடங்கிற்று. இவ்விரண்டு மாதமே ஊருக்குக் கிடைக்கும் வாசல். ஆட்சேபம் எழுதுவோர் பொதுவாக "விவசாயம் அழிகிறது" என்று எழுதுவதைவிட, தம் புல எண்ணையும் அதன் வழியே செல்லும் வாய்க்காலையும் குறித்து எழுதுவது மேல். ஒரே தாளில் இருநூறு கையெழுத்தைவிட, தனித்தனிக் காரணம் கூறும் இருபது மனுக்களைப் புறக்கணிப்பது கடினம். ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்தவேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு மொழிச் சிக்கல் உண்டு. திட்டம் புல எண்ணில் பேசுகிறது. ஊரோ பெயரில் பேசுகிறது. "புல எண் 147/2 முதல் 163 வரை தொடக்கநிலைக் குடியிருப்பு" என்று வாசித்தால் யாரும் அசையமாட்டார். அதுவே "கோயில் வயலும் ஓடைக்கரைத் தோப்பும்" என்றால் எழுந்து நிற்பர். கிராம வரைபடமும் அ-பதிவேடும் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ளன; புலப்படமும் பதிவேட்டு விவரமும் அரசின் இணையதளத்திலும் கிடைக்கின்றன. இளைஞர் சங்கத்தார் முதியவர் இருவரை உடன்வைத்துக்கொண்டு எண்களுக்குப் பெயர் எழுதினால், ஒரு மாலைக்குள் ஊருக்கு அவ்வரைபடம் விளங்கிவிடும். இறையியல் மாணவர் தம் களப்பணியில் செய்யத்தக்க வேலை இது. அருளுரை தயாரிப்பைவிட எளிது என்று சொல்லமாட்டேன்.

கிராம சபை ஆண்டுதோறும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடுவதோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கூடுகிறது. தீர்மானம் ஒன்றை நிறைவேற்றுதல் நன்று. அது எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று மக்களுக்கு வாக்களிப்பது நன்றன்று. பரந்தூர் விமான நிலையத் திட்டத்திற்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் நிறைவேற்றியதையும், அதனால் மட்டும் திட்டம் கைவிடப்படாததையும் நாம் அறிவோம். தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தும் ஆணையன்று. நீதிமன்றத்திலும் ஆட்சியர் முன்னும் காட்டத்தக்க சான்று. அவ்வளவில் அதற்கு மதிப்புண்டு.

யாருடைய ஊர்?

ஊரைக் கூட்டும்போது எழும் மிகக் கடினமான வினா இதுவே. கிராம சபையில் நாற்காலியில் அமர்வோர் யார், ஓரத்தில் நிற்போர் யார் என்பதை ஆயர் கவனிக்கவேண்டும். வயலை விற்றால் உடையவனுக்குப் பணம் கிடைக்கும். அதில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டுக் களையெடுத்தவளுக்கு ஒரு காசும் கிடைப்பதில்லை. வேலை மட்டும் போகிறது. நிலவுடைமையாளர் மட்டும் கூடி "நம் ஊரைக் காப்போம்" என்பது, புதிதாக வருவோரைத் தடுத்துத் தம் பழைய அதிகாரத்தைக் காத்துக்கொள்ளும் முயற்சியாகவும் ஆகலாம். சேரியில் வாழ்வோரிடம் முதலில் சென்று கேளாத எந்த எதிர்ப்பையும் திருச்சபை ஆதரிக்கத் தயங்கவேண்டும் என்றே கருதுகிறேன். மனைப்பிரிவு வந்தால் கட்டட வேலை கிடைக்கும், பேருந்து வரும், சாதிக் கட்டு தளரும் என்று அவர்கள் கூறினால், அதுவும் கேட்கத்தக்க வாதமே.

இதில் நம் திருச்சபைக்கு ஒரு பழைய கடப்பாடும் உண்டு. செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பகுதியில் வில்லியம் கூடி ஆகிய மிஷனரிகள் நிலமற்ற மக்களின் நிலைமையை அரசின் கவனத்திற்குக் கொண்டுவர உழைத்தனர். அம்மாவட்ட ஆட்சியராயிருந்த திரெமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையின் பயனாக 1892-இல் அரசாணை பிறந்து, ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் வழங்கப்பட்டது. இன்று பஞ்சமி நிலம் எனப்படுவது இதுவே. முதல் பத்தாண்டு எவருக்கும் மாற்றலாகாது, அதன்பின்னும் அவ்வகுப்பினருக்கே மாற்றலாம் என்பது நிபந்தனை. அந்நிபந்தனை பல்லாயிரம் ஏக்கரில் மீறப்பட்டுள்ளது. 1994 அக்டோபரில் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி எழுந்த போராட்டத்தையொட்டிச் செங்கற்பட்டில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிரிழந்தனர். சென்னை பரந்து செல்லும் திசையும் பஞ்சமி நிலம் கிடக்கும் திசையும் ஒன்றே என்பதை நாம் ஆழ்ந்து நோக்கவேண்டும்.

ஆகவே ஊர் வரைபடத்தை விரிக்கும்போது பஞ்சமி நிலத்தை முதலில் வண்ணமிட்டுக் காட்டவேண்டும். அடுத்து ஏரி, குளம், ஓடை, மேய்ச்சல் புறம்போக்கு. அதன்பின்னரே பட்டா நிலங்கள். இவ்வரிசை மாறினால் கூட்டத்தின் தன்மையே மாறிவிடும். திருச்சபைக்குச் சொந்தமான நிலமும் அவ்வரைபடத்தில் மறைக்கப்படாமல் இடம்பெறவேண்டும். ஊருக்கு வெளியேயுள்ள தன் தோப்பை மனை வணிகருக்கு விற்றுவிட்ட திருச்சபையின் ஆயர் கிராம சபையில் எழுந்து பேசினால் மக்கள் என்ன நினைப்பர் என்பது சொல்லாமலே விளங்கும்.

கூட்டத்தை ஆலயத்தில் நடத்துவதா என்று கேட்கப்படுகிறது. வேண்டா. மரத்தடியும் பள்ளித் திண்ணையும் எல்லாருக்கும் உரியவை. ஆயர் தலைமை தாங்கவும் வேண்டா. பதிவேட்டை வாசித்துக் காட்டவும் மனு எழுதிக் கொடுக்கவும் முடிந்தால் போதும். பழைய பதிவேடுகளைத் தேடுவோர் ஒன்றைக் கருத்திற்கொள்ளவேண்டும்: 1980-களில் நடைபெற்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணிக்குப் பிந்திய பதிவேட்டில் பஞ்சமி நிலம் சாதாரணப் பட்டாவாகத் தோன்றலாம். "டி.சி." என்னும் குறிப்பு அதற்கு முந்திய நிலவரித் திட்டப் பதிவேட்டிலேயே காணப்படும். அதன் நகலை வட்டாட்சியர் அலுவலகத்திலோ, மாவட்ட ஆவணக் காப்பறையிலோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்துப் பெறலாம். வரைவுத் திட்டம் அறிவிக்கப்படும் வரை காத்திராமல் இப்போதே விண்ணப்பிப்பது நன்று, ஏனெனில் நகல் கைக்கு வருவதற்குள் அந்த இரண்டு மாதம் கழிந்துவிடக்கூடும்.